சும்மா நாள்

விசாரணை அறைக்குள் கூப்பிடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொன்னார் மாப்பிள்ளை. வைப்பர் சொன்னான். வளைவு திரும்பியதும் வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. ஓரத்தில் நின்ற சாலைப் பணி வண்டி தெரியவில்லை. தெரிந்தபோது பிரேக் பிடிக்க இடமில்லை. முந்தைய நாள் வண்டி எடுக்கவில்லை, வீட்டில் இருந்தேன்.

"வீட்டுல ஓய்வா இருந்தேன், அப்படிச் சொல்லுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "ஓய்வுங்கற வார்த்தை வரணும். மேனேஜர் அதை மட்டும் ரெண்டு தடவை சொல்லி அனுப்பினார்."

வைப்பர் தலையை ஆட்டினான். சம்மதம் என்றாலும் மறுப்பு என்றாலும் அவன் தலை ஒரே மாதிரிதான் இடமும் வலமும் போய்வரும். அதனால்தான் லாரி யார்டில் அவனுக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் லைசென்ஸில் இருந்தது. அந்த லைசென்ஸ் இப்போது கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு பழுப்பு உறைக்குள், விசாரணை அதிகாரியின் மேஜைமேல் இருந்தது. அது என்றாவது கைக்குத் திரும்புமா, ரத்து என்று முத்திரை வாங்குமா என்பது இன்று மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

ரத்தானால் என்ன செய்வது என்பதையும் கம்பெனி யோசித்து வைத்திருந்தது. யார்டு கேட்டில் காவலுக்கு இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டதால் நாற்காலி பல மாதமாகக் காலியாகக் கிடந்தது. அதை அவனுக்குத் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். மீசை முளைத்த நாளிலிருந்து ஸ்டியரிங் பிடித்தவன் வைப்பர். தன் வண்டியை வேறொருவன் ஓட்டிக்கொண்டு வர, தான் எழுந்துபோய்க் கேட்டைத் திறந்துவிடுவதை அவன் நினைத்துப் பார்த்தான். 

மாப்பிள்ளை அவனுடைய தங்கையின் கணவர். அதே யார்டின் சூப்பர்வைசர். அவரும் ஒருகாலத்தில் ஓட்டியவர்தான். ஒரு கண்ணில் பார்வை மங்கியதும் கம்பெனி அவரைக் கீழே இறக்கி, கையில் வாக்கிடாக்கியைக் கொடுத்தது. இன்றைக்குக் கம்பெனியின் சார்பில் வந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே பைக்கில்தான் வந்தார்கள். பெஞ்சில் மட்டும் நடுவே ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

யார்டில் நாள் இரண்டு வகை. வண்டி ஓடினால் ஓட்ட நாள். ஓடாவிட்டால் சும்மா நாள். சும்மா நாளில் யாரும் சும்மா இருந்ததில்லை. டயர் மாற்றுவார்கள், கிரீஸ் அடிப்பார்கள், கிழிந்த தார்ப்பாயைத் தைப்பார்கள், துறைமுக வாசலில் மற்றவர்களின் வண்டிக்காக வரிசையில் நிற்பார்கள். ஆனாலும் இன்றைக்கு என்ன வேலை என்று வீட்டில் கேட்டால் சும்மாதான் என்பார்கள். பொய் சொல்வதாக ஒருவரும் நினைத்ததில்லை. ஸ்டியரிங்கைத் தொடாத நாளுக்கு அவர்களிடம் வேறு வார்த்தை கிடையாது.

வண்டிக்குள் இருக்கும் பதிவுப் பெட்டிக்கும் அந்த நாளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓட்டுநரின் கார்டு உள்ளே இருக்கும்வரை அது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். கார்டை உருவிவிட்டால் குருடு. மறுநாள் காலையில் கார்டைச் செருகியதும், இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்கும். திரையில் இரண்டு படம் வரும். குறுக்காக வைத்த சுத்தியல்கள் என்றால் வேலை, கட்டில் என்றால் ஓய்வு. சுத்தியலுக்குப் போனால் எப்போது தொடங்கினாய், எப்போது முடித்தாய் என்று அம்புக்குறியைத் தட்டித் தட்டிச் சொல்ல வேண்டும். அதற்குமேல், போதிய ஓய்வு இல்லை, இன்னும் ஓட்டக் கூடாது என்று பெட்டி கத்தவும் கூடும். கட்டிலுக்கு ஒரே அமுக்கு. யார்டில் எல்லோரும் கட்டில்தான். கட்டிலைப் போட்டுட்டுக் கிளம்பு என்பது அங்கே காலை வணக்கம் மாதிரி. வீட்டுக் கட்டிலைவிட இந்தக் கட்டிலில்தான் தான் அதிகம் படுத்திருப்பதாக ஒரு பழைய ஓட்டுநர் சொல்லிச் சிரிப்பார்.

விபத்து நடந்த அன்று காலை வைப்பரும் கட்டிலைத்தான் போட்டான்.

நேற்று மாலை தங்கை வந்திருந்தாள். கணவரிடம் சொல்லாமல் வந்தாள். அண்ணனிடம் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள், கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டே சுற்றி வளைத்துப் பேசினாள். அவரால் இனி ஸ்டியரிங் பக்கம் போக முடியாது, பார்வை போய்விட்டது, வேறு கம்பெனியில் அவரை யார் சேர்ப்பார்கள் என்றாள். மடித்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள். பிறகு நேராகவே கேட்டாள்.

"உனக்கு லைசென்ஸ் போனா கேட்டுல ஒரு நாற்காலியாவது போடுவாங்க அண்ணா. அவருக்கு வேலை போனா என்ன போடுவாங்க? விசாரணையில அவர் பேரை மட்டும் எடுத்துடாதே."

வைப்பரின் தலை இடமும் வலமும் போய்வந்தது. தங்கை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அடுப்படியிலிருந்து அவன் மனைவி மட்டும் குரல் கொடுத்தாள். "அவர் ஆட்டினதுக்கு என்ன அர்த்தம்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கே பிடிபடலை. நீ எதுக்கும் எழுதி வாங்கிக்கோ."

அவளுக்குத் தங்கைமேல் கோபமில்லை. ஆனால் விபத்துக்கு முந்தைய நாள் இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்த புருஷன், தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே, கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் தூங்கிப்போனதை அவள் பார்த்திருந்தாள்.

கதவு திறந்தது. முதலில் ஊன்றுகோல் வந்தது, பிறகு மாவுக்கட்டுப் போட்ட கால், பிறகு அந்த ஆள். சாலைப் பணி நடக்கும் இடத்தில் சிவப்புக் கொடி காட்டுகிறவர். வைப்பரின் லாரி இடித்ததில் பணி வண்டி நகர்ந்து அவர் காலை நசுக்கியிருந்தது. வாக்குமூலம் கொடுத்துவிட்டு வருகிறார். உட்கார இடம் தேடியவர், இருவருக்கும் நடுவில் காலியாக இருந்த இடத்தில் மெல்ல உட்கார்ந்து, காலை நீட்டி, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். மாப்பிள்ளை ஒதுங்கி இடம் விட்டார். ஒதுங்க அவ்வளவு இடம் இருக்கவில்லை.

"தூங்கிட்டீங்களா?" என்று வைப்பரிடம் கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. பஸ் போய்விட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டார். மாப்பிள்ளைதான் முந்திக்கொண்டார். "அண்ணே, அதெல்லாம் உள்ள பேசிக்கலாம்."

"உள்ள நான் பேசி முடிச்சாச்சு. இப்ப இவர்கிட்ட கேக்கறேன்." அவர் வைப்பர் பக்கம் திரும்பினார். "நான் கொடியை ஆட்டினேன். நீங்க என்னைப் பார்த்தீங்க, நேரா என் முகத்தைப் பார்த்தீங்க. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. ஆனா உள்ள ஆள் இல்ல. அதான் கேக்கறேன்."

வைப்பரின் தலை ஆடியது.

"இது ஆமாவா, இல்லையா?"

"ஆமாங்க."

"தண்ணி போட்டிருந்தீங்களா?"

"தொடறதில்லீங்க."

"பின்ன எதுக்கு அப்படித் தூக்கம்?"

பதில் வைப்பரின் தொண்டைவரை வந்தது. அதற்குள் கடைநிலை ஊழியர் வெளியே வந்து அவன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. மாப்பிள்ளை அவன் முழங்கையைத் தொட்டு எழுப்பினார். கொடிக்காரர் முகத்தைத் திருப்பாமல் பதிலுக்காகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறை சின்னது. மேஜை, நான்கு நாற்காலி, கயிறு கட்டிய கோப்புகள் அடுக்கிய இரும்பு அலமாரி. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் உரசியது. விசாரணை அதிகாரி நடுத்தர வயதுப் பெண். காகிதத்தைப் படிக்கும்போது கண்ணாடியைப் போட்டு, ஆளைப் பார்க்கும்போது கழற்றினார். பக்கத்து மேஜையில் தட்டச்சர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கம்பெனி பிரதிநிதி உட்காரலாம், ஆனால் கேட்டால்தான் பேச வேண்டும் என்று அதிகாரி மாப்பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

பெயர், வயது, எத்தனை வருடமாக ஓட்டுகிறார், இதற்குமுன் ஏதாவது வழக்கு உண்டா என்றெல்லாம் கேட்டார். வழக்கு எதுவும் இல்லை. தலையை ஆட்ட வேண்டாம், வாயால் சொல்லுங்கள் என்று ஒருமுறை திருத்தினார். பிறகு விபத்தைச் சொல்லச் சொன்னார். வைப்பர் வெயிலைச் சொன்னான். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"துறைமுகத்துக்குப் போயிட்டிருந்தீங்க. அந்த வளைவுக்கு அப்புறம் ரோடு மேற்கே போகுது. நேரம் காலை. சூரியன் உங்களுக்கு எந்தப் பக்கம்?"

சுவரோரத்தில் ஆடிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் கால் நின்றது. வெயில் என்பது மேனேஜரின் யோசனை. திரைச்சீலை மூடிய அறையில் உட்கார்ந்து அவர் சொன்னார்; வெளியே வேலை செய்கிற இருவரும் கேட்டுக்கொண்டார்கள். ஆயிரம் தடவை அந்தச் சாலையில் போய்வந்த இரண்டு பேருக்கும் சூரியன் எங்கே இருந்தது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

"முதுகுப் பக்கமுங்க" என்றான் வைப்பர்.

"அப்போ?"

"தூங்கிட்டேங்க."

அதிகாரி ஆச்சரியப்படவில்லை. கொடிக்காரர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். தட்டச்சரின் விரல்கள் ஓடி நின்றன. "முந்தின நாள் என்ன பண்ணீங்க?" என்று அதிகாரி அடுத்த கேள்வியைக் கேட்டார்.

இங்கேதான் அந்த வார்த்தை வரவேண்டும். வைப்பர் அதை எடுக்கத்தான் போனான். நாக்கில் வந்தது வேறு.

"சும்மாதாங்க இருந்தேன்."

சொன்னதும் அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. பொய் சொல்லவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்தான். அவரும் மூச்சை வெளியே விட்டதுபோல் தெரிந்தது. அதிகாரி கோப்பிலிருந்து ஒரு நீளக் காகிதச் சுருளை எடுத்து மேஜைமேல் பிரித்தார். அவன் வண்டிப் பெட்டியிலிருந்து எடுத்தது. முந்தைய நாளின் நீளம் முழுவதும் ஒரு கோடு, அதன் பக்கத்தில் குட்டியாக ஒரு கட்டில்.

"பெட்டியும் அதைத்தான் சொல்லுது" என்றவர், சுருளைத் திரும்பச் சுற்றினார். பிறகு அவர் சொன்னதை மெதுவாக, அவனுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வண்டியில் கோளாறு இல்லை. சாலை காய்ந்திருந்தது. வெளிச்சம் இருந்தது. ஓட்டுநர் குடித்திருக்கவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஒரு பகல், ஓர் இரவு முழுக்க ஓய்வெடுத்துவிட்டு வந்த ஆள், கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தூங்கியிருக்கிறார் என்றால் அதற்குப் பெயர் அலட்சியம். ஒரு மனிதரின் கால் நசுங்கியிருக்கிறது. இதற்கு லைசென்ஸ் ரத்து தவிர வேறு எதையும் தன்னால் பரிந்துரைக்க முடியாது.

ரத்து என்ற சொல்லை அவர் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். 

தட்டச்சர் வாக்குமூலத்தை அச்செடுத்து உரக்கப் படித்தார். அரசாங்கத் தமிழில் அவன் கதை வேறு யாருடைய கதையோபோல் ஒலித்தது. மேற்படி ஓட்டுநராகிய நான், மேற்படி வாகனத்தை, மேற்படி சாலையில். கேட்டுக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நிமிர்ந்தான். சம்பவத்துக்கு முந்தைய நாள் முழுவதும் நான் எனது இல்லத்தில் ஓய்வில் இருந்தேன்.

பேனாவை அவன் கையில் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தது. வைப்பர் புள்ளியைப் பார்த்தான். பேனாவைக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதுல ஓய்வுன்னு இருக்குங்க."

"ஆமா."

"நான் அப்படிச் சொல்லலையே."

"சும்மா இருந்தேன்னு சொன்னீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லீங்க."

மாப்பிள்ளை எழுந்தே விட்டார். அவர் கொஞ்சம் பதட்டத்தில் இருக்கிறார், இரண்டு நிமிடம் வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்றார். அதிகாரி அவரைப் பார்க்காமலேயே கையால் உட்காரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தார். இனி அது தேவைப்படாது என்பதுபோல் வைத்தார்.

"சரி. சும்மா இருந்தேன்னா என்ன அர்த்தம்? சொல்லுங்க."

அந்தக் கேள்வியை வைப்பரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் காலையிலிருந்து தொடங்கினான். தரைக்குப் போடுகிற டைல்ஸ் பெட்டிகள் ஏற்றிய ஒரு டிரெய்லரில் அச்சு உடைந்திருந்தது. பெட்டிகளை அதிலிருந்து இறக்கி அவனுடைய டிரெய்லரில் ஏற்ற வேண்டும். சுமை தூக்குகிறவர்கள் வரவில்லை. ஃபோர்க்லிஃப்ட் பழுது. டைல்ஸ் பெட்டி பார்க்கச் சின்னதுதான், தூக்கினால் இடுப்பைக் கேட்கும். இறக்கும்போது மூலை தரையில் பட்டால் உள்ளே உள்ளது அத்தனையும் போச்சு. அதனால் குழந்தையை இறக்குவதுபோல் இறக்க வேண்டும். சொல்லச் சொல்ல அவனுக்குப் பேச்சு கூடி வந்தது. பாதி ஏற்றியதும் எடை ஒரு பக்கம் சாய்வதைக் கண்டுபிடித்து மறுபடி அடுக்கியதைச் சொன்னான். தார்ப்பாய் கட்டியதைச் சொன்னான். கயிற்றைக் கடைசி முடிச்சுப் போட்டபோது யார்டு விளக்குகளைப் போட்டுவிட்டார்கள் என்றான். மறுநாள் இருட்டோடு வண்டியை எடுக்க வேண்டியிருந்தது. அப்போதும் விரல் மடங்கவில்லை, ஸ்டியரிங்கை உள்ளங்கையால்தான் திருப்பினேன் என்றான்.

தட்டச்சர் எதையும் அடிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதையா சும்மா இருந்தேன்னு சொல்றீங்க?"

"வண்டி ஓடலைங்களே" என்றான் வைப்பர்.

அதிகாரி கோப்பை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, வண்டி ஓடாத நாளிலும் செய்த வேலையை வேலையாகத்தான் பதிய வேண்டும், ஏற்றுவது இறக்குவது எல்லாம் அதில் அடங்கும், அது தெரியுமா என்று கேட்டார். வகுப்பில் சொன்னார்கள், ஆனால் யாரும் பதிவதில்லை என்றான் அவன். தெரிந்தே தவறாகப் பதிந்தது குற்றம் என்றார் அவர். அதற்குச் சில மாதம் லைசென்ஸை நிறுத்திவைப்பார்கள்; ரத்து ஆகாது. களைத்துப்போன ஆளை வண்டியில் ஏற்றி அனுப்பியது யார் என்ற கேள்வி அதன்பின் மேலே போகும்.

"ஆனா நீங்க சொல்றது மட்டும் போதாது. உங்க பெட்டி ஓய்வுங்குது, கம்பெனி ஓய்வுங்குது. யார்டுல கேமரா இருக்கா?"

கேட்டைப் பார்த்து ஒன்று இருப்பதாகவும் பழைய படங்கள் தானாக அழிந்துவிடும் என்றும் மாப்பிள்ளை சொன்னார். 

"அப்போ ஆள்தான் சாட்சி. அன்னிக்கு உங்ககூட யார் இருந்தாங்க? உங்களை யார் வரச் சொன்னாங்க? பேர் வேணும்."

மின்விசிறி உரசியது. மறுபடி உரசியது. வைப்பர் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சில் கரைந்துபோய் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வேலையைச் சொன்னபோது யாரையும் குற்றம் சொல்வதாக அவன் நினைக்கவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். இப்போது அந்த வேலை ஒரு பெயரைக் கேட்கிறது. நானாகத்தான் போனேன் என்று சொல்லலாம். சொன்னால் நிரூபணம் இல்லை, உறைமேல் முத்திரை விழும். தங்கை துணியை மறுபடி மறுபடி மடித்தது நினைவுக்கு வந்தது. அவள் கேட்டபோது தான் தலையை எதற்கு ஆட்டினோம் என்று அவனுக்கே இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

"தலையை ஆட்டாதீங்க" என்றார் அதிகாரி. அது ஆடிக்கொண்டிருப்பதை அவன் கவனித்திருக்கவில்லை.

"இவர்தாங்க." அவன் மாப்பிள்ளையைப் பார்க்காமல் சுவரோரம் கையைக் காட்டினான். "இவர்தான் வரச் சொன்னார். வரச் சொல்லிட்டு நிக்கலைங்க. இவரும் என்கூடத் தூக்கினார். பாதிப் பெட்டி இவர் தூக்கினதுதான்."

அதிகாரி நாற்காலியை மாப்பிள்ளை பக்கம் திருப்பினார். "உங்க பதில்?"

மாப்பிள்ளை எழுந்து நின்றார். சட்டையின் முன்பக்கத்தை இழுத்து விட்டுக்கொண்டார். வைப்பருக்கு அவரைப் பதினெட்டு வருடமாகத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று எதிரில் உட்காராமல் இப்படித்தான் நின்றுகொண்டு பதில் சொன்னார்.

"அன்னிக்கு எனக்கு வார லீவு மேடம். கம்பெனிப் பதிவுல இருக்கு."

அது உண்மை. பதிவில் அப்படித்தான் இருந்தது. பதிவின்படி அந்த நாளில் வைப்பர் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தான், மாப்பிள்ளை விடுப்பில் இருந்தார், டைல்ஸ் பெட்டிகள் தாமாக ஒரு டிரெய்லரிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போயின. வைப்பர் உறையைப் பார்த்தான். அதன் வாய் ஒட்டாமல் லேசாகத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து பிளாஸ்டிக் ஓரம் தெரிந்தது.

"லீவு. சரி" என்றார் அதிகாரி. "லீவுல என்ன பண்ணீங்க?"

"சும்மா..."

அதற்குமேல் வரவில்லை.

தட்டச்சர் தலையைத் தூக்கினார். அதிகாரி சிரிக்கவில்லை, முகம் மாறவும் இல்லை, காத்திருந்தார்.  சும்மா வீட்டில் இருந்தேன் என்று முடித்தால் போதும். இன்னும் இரண்டு வார்த்தை. வைப்பர் அந்த இரண்டு வார்த்தையை எதிர்பார்த்தே உட்கார்ந்திருந்தான். அவை வந்தால் தான் கோபப்பட மாட்டோம் என்றுகூட நினைத்தான். கேட்டு நாற்காலி, வெயில், கையில் ஒரு தடி. அதை ஒருமாதிரி பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

"உட்காரலாமா மேடம்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"உட்காருங்க."

உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துப் பேசினார். "யார்டுலதான் இருந்தேன். லோடு ஏத்தறவங்க வரலை. கப்பல் போயிடும்னு மேனேஜர் போன்ல கத்தினார். வேற யாரையும் கூப்பிட முடியலை, கூப்பிட்டா வர மாட்டாங்க. மச்சான் வருவார். அதனால கூப்பிட்டேன்." உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "காலைல கட்டிலைப் போட்டுட்டுக் கிளம்புங்கன்னு சொன்னதும் நான்தான். அவர் கை மடங்கலைன்னு காட்டினார். நான் பார்த்தேன். பார்த்துட்டுதான் சொன்னேன்."

கட்டில் என்றால் என்ன என்று அதிகாரி கேட்டார். மாப்பிள்ளை விளக்கினார். யார்டில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டார். எல்லோரும் என்றார் மாப்பிள்ளை. மேனேஜருக்குத் தெரியுமா என்று கேட்டபோது அவர் சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தார். தெரியும் என்றார் பிறகு. தட்டச்சர் மறுபடி அடிக்கத் தொடங்கியிருந்தார். இந்தமுறை சும்மா என்ற சொல்லை அவர்கள் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் போடச் சொன்னார் அதிகாரி. இரண்டு வாக்குமூலங்கள் அச்சாகி வந்தன. வைப்பர் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். மாப்பிள்ளை படிக்காமல் போட்டார்.

அதிகாரி பழுப்பு உறையை எடுத்து, அதன்மேல் நிறுத்திவைப்பு என்று எழுதி, மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். உத்தரவு தபாலில் வரும், அதுவரை ஓட்டக் கூடாது என்றார். மாப்பிள்ளைக்கும் கம்பெனிக்கும் தனித்தனியாக நோட்டீஸ் போகும் என்றார். போகலாம் என்றார்.

வெளியே பெஞ்சில் வேறு யாரோ ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. வைப்பர் நடைக்கூடத்தின் இரு பக்கமும் பார்த்தான். படிக்கட்டுவரை போய் எட்டிப் பார்த்தான். கொடிக்காரர் போய்விட்டிருந்தார்.

பைக் நிறுத்தியிருந்த இடத்துக்கு இருவரும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். மாப்பிள்ளையின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். மேனேஜர். அதிர்ந்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்தார். மறுபடி அதிர்ந்தபோது அவர் முகம் வேறுமாதிரி ஆனது. போனை வைப்பரிடம் நீட்டினார்.

"உங்க தங்கச்சி. நீங்க பேசுங்க மச்சான். எனக்கு வாய் வரலை."

வைப்பர் வாங்கி, பச்சையைத் தொட்டுக் காதில் வைத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"என்னங்க, முடிஞ்சுதா? அண்ணன் உங்க பேரை எடுக்கலையே?"

மாப்பிள்ளை நாலு எட்டுத் தள்ளிப்போய், பைக் சீட்டில் இல்லாத தூசியைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணன்தாம்மா பேசறேன்" என்றான் வைப்பர். "எடுத்தேன். அவரும் ஆமான்னுட்டார். வந்து எல்லாம் சொல்றேன்."

அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு யாரோ குழாயை மூடினார்கள்.

"உன் லைசென்ஸ்?"

"கொஞ்ச மாசம் அங்கேயே இருக்கும். அப்புறம் தந்துடுவாங்க."

"அவர் வேலையை யார் தருவா?"

அவள் குரலில் சண்டை இல்லை. பதில் வேண்டும் என்றே கேட்டாள்.  அவன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. மாப்பிள்ளை பைக்கைக் கிளப்பி, பின்னால் அவன் ஏறுவதற்காகக் காலை ஊன்றி நின்றார்.